விரல் வீங்கினால் நகத்தைப் பாருங்கள்

மூட்டு வலி என்று வருபவர்களின் நகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடிக் குழிகள் இருக்கும். சிலருக்கு நகம் சதையை விட்டு எழும்பி மஞ்சளாக நிற்கும். "அது நகச்சொத்தை டாக்டர், மருந்து தடவிட்டுத்தான் இருக்கேன்" என்பார்கள். காதுக்குப் பின்னால், தொப்புளுக்குள் பார்த்தால் வெள்ளைச் செதில். அதற்கும் பதில் தயார்: "பொடுகு, சார்."

பொடுகும் இல்லை, சொத்தையும் இல்லை. சோரியாசிஸ் என்னும் தோல்நோய். அதோடு சேர்ந்து வரும் மூட்டுவாதம் விரலைக் கோணலாக்கிய பிறகுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள். சோரியாசிஸ் உள்ள பத்துப் பேரில் இரண்டு, மூன்று பேருக்கு இது வரலாம். பெரும்பாலும் தோலில் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே மூட்டுக்கு வரும். சிலருக்கு மூட்டுதான் முதலில்.

வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியர்

"ஆர்.ஏ. டெஸ்ட் நெகட்டிவ், அதனால் வாதம் இல்லை." முடக்குவாதத்துக்கான அந்த ரத்தப் பரிசோதனை இந்த நோயில் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும்!

"யூரிக் ஆசிட் கூடியிருக்கு." சோரியாசிஸிலேயே அது சற்றுக் கூடலாம். அந்த ஒரு எண்ணை நம்பி ஆண்டுக்கணக்கில் பருப்பையும் கறியையும் ஒதுக்கியவர்கள் உண்டு. விரல் மட்டும் வீங்கியபடியே இருக்கும்.

"குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கு." காலையில் முதல் அடி வைக்க முடியாத அந்த வலி, தசைநார் எலும்பில் சேரும் இடத்து அழற்சியாகவும் இருக்கலாம். செருப்பை மாற்றினால் மட்டும் தீராது.

கத்திரிக்காய், கருவாடு, புளி என்று பட்டியல் போடுகிறார்கள். இதைச் சாப்பிட்டால் நோய் வரும், விட்டால் போய்விடும் என்று சொல்லக்கூடிய ஒரு காய் கிடையாது. உடல் எடை கூடினால் நோயும் கூடும், மருந்தும் சரியாக வேலை செய்யாது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொட்டால் ஒட்டும் என்று தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பது அறியாமை மட்டுமல்ல, கொடுமை.

ஒரு 'செட்' மாத்திரை

கடையில் வாங்கும் வலி மாத்திரை 'செட்'டில் ஸ்டீராய்டு இருக்கலாம். பெயரில்லாத பொட்டலச் சூரணத்திலும் அதைக் கலப்பவர்கள் உண்டு. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், "நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு போகும். மாதக்கணக்கில் தின்று முகம் உப்பி, ஒருநாள் சட்டென நிறுத்தினால் உடம்பெல்லாம் சிவந்து, சீழ்க்கொப்புளம் கிளம்பி, ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடலாம். வலி மாத்திரைகளை அளவின்றி விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் தனிக் கணக்கு. யாரைக் கேட்டு வாங்கினீர்கள் என்றால், கடைக்காரப் பையனைக் கை காட்டுகிறார்கள்!

பரிசோதனை

ரத்தம், எக்ஸ்-ரே, தேவைப்பட்டால் ஸ்கேன்; அவ்வளவுதான்.

வாரம் ஒருமுறை, தினமும் அல்ல

இந்த மூட்டுவாதத்துக்கு நாங்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தான நிலையில் வருபவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள். மது கூடாது. குழந்தை பெறும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இதற்கு அடங்காவிட்டால் 'பயாலஜிக்' ஊசிகள் இருக்கின்றன. அதற்குமுன் காசநோய் இல்லை என்று உறுதிசெய்வோம். இன்று முறையான சிகிச்சையோடு வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, வண்டி ஓட்டி நன்றாக இருப்பவர்கள் ஏராளம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

சிகரெட்டை விடுங்கள். எடையைக் குறையுங்கள். வலிக்கிறது என்று முடங்காமல் நடங்கள், முடிந்தால் நீந்துங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோய் இதயத்தையும் கண்ணையும் விடாது. கண் சிவந்து வலித்தால் சொட்டு மருந்து வாங்கப் போகாமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். வலி குறைந்ததும் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

சோரியாசிஸ் உள்ளவருக்குக் காலையில் எழுந்து அரை மணி நேரமாகியும் விரல் மடங்கவில்லையா? ஆறு மாதத் தாமதமே மூட்டை அரிக்கப் போதும். அடுத்த முறை தோல் டாக்டரிடம் போகும்போது மூட்டு வலியையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.