லேசர் சிகிச்சை – இருக்கும் பார்வைக்குக் காவல்

“லேசர் வைத்தும் அம்மாவுக்குப் பார்வை திரும்பவில்லையே!” நம் சங்க அன்பர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் குறை இது. சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்காத குடும்பம் இன்று நம்மிடையே குறைவு. ஆகவே லேசரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது நல்லது. நான் டாக்டர் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தும் கேட்டும் அறிந்ததை எளிய முறையில் தருகிறேன்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் பின்புறம் விழித்திரை என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை கூடியே இருந்தால் அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகின்றன. சில கசிகின்றன, கசிந்த நீர் நடுப்பகுதியில் தேங்கினால் வீக்கம் ஏற்பட்டு எழுத்து மங்குகிறது. சில அடைபடுகின்றன, இரத்தம் கிடைக்காத பகுதியின் தூண்டுதலால் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. இவை பலமற்றவை. உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவி, திடீரென்று பார்வை மறையலாம்.

லேசர் செய்யும் வேலை

புதுக் குழாய்கள் முளைத்த கண்ணில், விழித்திரையின் ஓரப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு புள்ளிகளை லேசரால் சுடுகிறார்கள். அதனால் தூண்டுதல் அடங்கிப் புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. கிளைப் பாதைகளைக் கைவிட்டு மெயின் லைனைக் காப்பது போன்ற ஏற்பாடு இது. இருட்டில் பார்க்கும் திறனும் பக்கப் பார்வையும் ஓரளவு குறையலாம். அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

பலன் எவ்வளவு?

அமெரிக்காவில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் அல்லது செனான் ஒளிச் சிகிச்சை செய்து, மறு கண்ணோடு ஒப்பிட்டார்கள். 1976இல் வெளிவந்த முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் கடுமையான பார்வை இழப்பு, சிகிச்சை பெறாத கண்களில் நூற்றுக்குச் சுமார் 16. பெற்ற கண்களில் சுமார் 6. நடுப்பகுதி வீக்கம் பற்றிய ஆய்வு 1985இல் வந்தது. மூன்று ஆண்டுகளில் பார்வை அட்டையில் மூன்று வரி இழந்த கண்கள், லேசர் இல்லாமல் நூற்றுக்கு 24, லேசருடன் 12. ஆனால் பார்வை குறிப்பிடும்படி கூடியவர்கள் மிகச் சிலரே.

ஆக, லேசர் என்பது போன பார்வையை மீட்பதைவிட, இருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதற்கான சிகிச்சை. நன்றாகத் தெரியும்போதே செய்துகொண்டவர்களுக்கே முழுப் பலன்.

இன்றைய நிலை

நடுப்பகுதி வீங்கிப் பார்வை குறைந்தவர்களுக்கு இப்போது பெரும்பாலும் முதலில் தருவது கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து. இதில் பலருக்கு இழந்த பார்வையில் ஒரு பகுதி திரும்புகிறது. ஆனால் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். புதுக் குழாய்களுக்கும் ஊசி உண்டு. எனினும் தவறாமல் வர இயலாதவர்களுக்கு லேசரே பாதுகாப்பு. மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்கள் இதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

இன்ஜின் டிரைவர்களுக்குத் தவணை வைத்துக் கண் பரிசோதனை செய்வார்கள்; சிக்னல் மங்குகிறது என்று அவர்கள் சொல்லும்வரை காத்திருப்பதில்லை. நமக்கும் அதே விதிதான். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதியானால், கண்டுபிடித்த உடனேயும், பிறகு ஆண்டுக்கொரு முறையும், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவர் போகட்டும். லேசர் வைத்த பிறகும் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் கட்டுக்குள் வைப்பதும், சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போவதும் அவசியம்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து சில மாதங்கள் நம்மோடு தங்கும்போது இந்தத் தேதிகள்தாம் முதலில் தவறிப்போகின்றன. கண் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். மொழி தெரியாத இடத்தில் அவர்களுக்காகப் பேசப்போவது அந்தச் சீட்டுகளும் நாமும்தான்.