சும்மா கொடுத்த சாமானுக்கு எதுக்குத் தினமும் வேலை?

"எம் பேத்தி சிறுசேரியில ஏதோ சுவிட்ச்சுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாக்கா, தம்பி. அத உலகத்துக்கே சும்மா குடுத்துட்டாங்களாம்லா. சும்மா குடுத்த சாமானுக்கு எதுக்குத் தெனமும் ஆளு போட்டு வேல பாக்கணும்?"

கேட்டவர் மாஞ்சோலை அண்ணாச்சி. தேயிலை எஸ்டேட்டிலேயே பிறந்து, அங்கேயே கவாத்துக் கத்தி பிடித்து வயதானவர். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர் சொச்சம் நிலத்தில்தான் அவர் வாழ்க்கை முழுவதும் போனது. 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று சொல்லித் தோட்ட வேலையை நிறுத்தியது. ஒரு பொருள் யாருக்குச் சொந்தம், அதை யார் பேணுகிறார்கள் என்ற இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். கட்டன் சாயா வந்தது. சொல்லத் தொடங்கினேன். இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெட்டி. இது விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. பீட்சா டப்பாவைவிடச் சற்று அகலமான இரும்புப் பெட்டி; முன்பக்கம் வரிசையாகத் துளைகள், அவற்றுக்குப் போர்ட் என்று பெயர். ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு கேபிள். நீங்கள் பணம் அனுப்பினாலும் படம் பார்த்தாலும் அந்தத் தகவல் சிறு சிறு பாக்கெட்டுகளாக உடைந்து இப்படிப் பல பெட்டிகளைக் கடந்துதான் போகிறது. ஒரு பாக்கெட் உள்ளே வந்ததும் அதன் விலாசத்தைப் படித்து, எந்தப் போர்ட் வழியாக வெளியே தள்ளுவது என்று முடிவு செய்வதுதான் சுவிட்ச்சின் வேலை. இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஒரு சிப் உள்ளே இருக்கிறது. 2022-இல் பிராட்காம் வெளியிட்ட ஒரு சிப் நொடிக்கு 51.2 டெராபிட் தகவலைக் கடத்தும்.

இவ்வளவு வேகமான சிப்புக்குத் தானாக யோசிக்கத் தெரியாது. "இந்த விலாசத்துக்கு இந்த வழி" என்ற பட்டியலை யாராவது அதன் கையில் கொடுக்க வேண்டும். பக்கத்துப் பெட்டிகளோடு பேசி வழி கேட்பது, பட்டியல் தயாரிப்பது, ஒரு கேபிள் அறுந்தால் உடனே பட்டியலைத் திருத்துவது, மின்விசிறி ஓடுகிறதா, சூடு ஏறுகிறதா என்று பார்ப்பது எல்லாம் அதே பெட்டிக்குள் இருக்கும் சாதாரணச் சின்னக் கணினியின் பொறுப்பு. அந்தக் கணினியில் ஓடுவதுதான் பேத்தி பார்க்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

வெகுகாலம் பெட்டியும் அதற்குள் ஓடும் மென்பொருளும் ஒரே கம்பெனியிடமிருந்து ஒன்றாகவே வந்தன. உள்ளே ஒரு பிழை இருந்தால் அந்தக் கம்பெனி திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். "இந்த மாடலுக்கு இனி ஆதரவில்லை" என்று அது அறிவித்துவிட்டால், நன்றாக ஓடுகிற பெட்டியும் கழித்துப்போட வேண்டியதாகிவிடும்.

"நம்ம காசுல வாங்குன பெட்டிதான?" என்றார் அண்ணாச்சி.

பெட்டி நம்முடையது. உள்ளே இருக்கும் புத்தி நம்முடையது இல்லை. லட்சக்கணக்கில் சுவிட்ச் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கே இது தாங்கவில்லை. பெட்டியைத் தனியாகவும் மென்பொருளைத் தனியாகவும் வாங்கும் வழியைத் தேடினார்கள். 2015-இல் சாய் என்ற பொது ஏற்பாடு ஓப்பன் கம்ப்யூட் அமைப்பில் ஏற்கப்பட்டது. எந்தக் கம்பெனியின் சிப்பாக இருந்தாலும், மென்பொருள் அதனிடம் ஒரே விதமாகப் பேசலாம் என்பதுதான் அதன் சாரம். அதன் மேல் கட்டி, மைக்ரோசாஃப்ட் 2016-இல் சோனிக் என்ற சுவிட்ச் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மூலநிரலோடு திறந்து கொடுத்தது. 2022 ஏப்ரலில் அது லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் கைக்குப் போனது. இன்று யார் வேண்டுமானாலும் இறக்கி, படித்து, மாற்றி, ஓட்டலாம்.

பொதுக் கைக்குப் போவது ஏன் முக்கியம் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. க்யூமுலஸ் என்ற சின்னக் கம்பெனி, பல கம்பெனிகளின் பெட்டிகளில் ஓடக்கூடிய லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றை விற்றது. சிப்போடு பேசும் பகுதியை அது மூடி வைத்திருந்தது. 2020-இல் சிப் செய்கிற என்விடியா அந்தக் கம்பெனியை வாங்கியது. பிறகு வந்த 5-ஆம் பதிப்பு என்விடியாவின் சிப் உள்ள சுவிட்ச்சுகளில் மட்டும்தான் ஓடுகிறது. வேறு சிப் உள்ள பெட்டிகளில் அதை நம்பி இருந்தவர்கள் மாற்று தேடிப் போக வேண்டியதாயிற்று. விற்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. முடிவு எடுக்கும் இடத்தில் பயன்படுத்துகிறவர்களுக்கு நாற்காலி இல்லை என்பதுதான் விஷயம்.

"சரி, இப்ப அது பொதுச்சொத்து. எழுதியும் முடிச்சாச்சு. பொறவு என்ன வேல?"

எழுதி முடிப்பது என்ற ஒன்று இதில் கிடையாது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சோனிக் ஒற்றை மென்பொருள் அல்ல. அடியில் டெபியன் என்ற லினக்ஸ் வகை இருக்கிறது. அதன் மேல், வழி கேட்கும் நிரல் ஒரு தனி அறையில், மின்விசிறியையும் வெப்பத்தையும் கவனிக்கும் நிரல் இன்னொரு அறையில், சிப்போடு பேசும் நிரல் வேறோர் அறையில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த அறைகளைக் கன்டெய்னர் என்பார்கள். நடுவில் ரெடிஸ் என்ற ஒரு பொதுத் தகவல்தளம். ஒவ்வொரு நிரலும் தனக்குத் தெரிந்ததை அதில் எழுதும். தேவைப்பட்டதை அதிலிருந்து எடுக்கும். ஒரு நிரல் விழுந்தாலும் மற்றவை பெரும்பாலும் தொடர்ந்து ஓடும்.

இதில் டெபியன் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. பழைய பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள்வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். அதன் பிறகு இல்லை. அதனால் சோனிக் 2015-இன் ஜெஸ்ஸி பதிப்பிலிருந்து ஸ்ட்ரெச், பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வார்ம் என்று வரிசையாக இடம் மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கெர்னல் என்ற மையப்பகுதி மாறும், நூலகங்கள் மாறும், வன்பொருளோடு பேசும் டிரைவர் நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது. அத்தனையையும் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். பயன்படுத்துகிறவர் கண்ணுக்கு இந்த உழைப்பால் புதிதாக எதுவும் தெரியாது. எதுவும் கெடவில்லை என்பதுதான் இதன் பலன்.

அடுத்து, புதுப் பெட்டிகள். சிப் ஒன்றாக இருந்தாலும், மின்விசிறியை எப்படிக் கேட்பது, பவர் சப்ளை எங்கே இருக்கிறது, ஃபைபர் செருகும் மாட்யூல் என்ன சொல்கிறது என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் நிரல் எழுத வேண்டும். இன்னொருவர் அதைப் படித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

படித்துப் பார்த்துச் சேர்க்கிறவரைத்தான் மெயின்டெய்னர் என்கிறோம். நிரல் எழுதப் பலர் வருவார்கள். பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, "இது இங்கே உதவும், அங்கே கெடுக்கும்" என்று சொல்ல ஆள் கிடைப்பது அரிது. சோனிக்கில் வழி கேட்கும் நிரலின் கதையே இதற்குச் சான்று. ஜப்பானின் குனிஹிரோ இஷிகுரோ 1996-இல் ஸீப்ரா என்று ஒன்றைத் தொடங்கினார். அதன் வேகம் குறைந்தபோது சிலர் அதைப் பிரித்து குவாக்கா என்று வளர்த்தார்கள். அதிலும் வந்த திருத்தங்கள் சேர்க்கப்படாமல் தேங்கின. 2017-இல் மறுபடி பிரிந்து எஃப்ஆர்ஆர் என்ற பெயரில் வந்தது. அதுதான் இப்போது சோனிக்குக்குள் ஓடுகிறது. மூன்று முறையும் நிரல் திறந்துதான் கிடந்தது. பார்த்துச் சேர்க்கும் கைகள் ஓய்ந்தபோது அது நின்றது. புதுக் கைகள் வந்தபோது நடந்தது. பூட்டிய நிரலாக இருந்திருந்தால் புதுக் கைகளுக்கு வழியே இருந்திருக்காது.

அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்தார். "கவாத்து மாதிரில்லா இருக்கு. தேயிலைய விட்டா மரமா வளந்துரும். எலை கைக்கு எட்டாது. இடுப்பு உயரத்துல வெட்டி வச்சாத்தான் கொழுந்து வரும். வெட்டுன வருஷம் கொஞ்சந்தான் கெடைக்கும், அதனால வெட்டாம விடலாமான்னு தோணும். விட்டா தோட்டம் போச்சு."

இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

மெயின்டெய்னர் தனியாளாக இருந்து களைத்துப்போனால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. எக்ஸ்ஸெட் என்ற சிறிய நிரல், கோப்புகளைச் சுருக்கும் வேலைக்கானது. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாக லாஸ்ஸே கோலின் என்பவர் பெரும்பாலும் தனியாகவே கவனித்து வந்தார். உதவி செய்வதாக ஒருவர் புனைபெயரில் வந்து, ஆண்டுக்கணக்கில் நல்ல திருத்தங்கள் கொடுத்து நம்பிக்கை பெற்று, கடைசியில் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு வாசலை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆக அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டு, துருவிக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கட்டம்வரை வந்துவிட்ட அது, நிலையான பதிப்புக்குள் நுழையும் முன் தடுக்கப்பட்டது. நிரல் திறந்திருந்ததால் ஒருவரால் கண்டுபிடிக்க முடிந்தது. பேண ஆள் போதாததால்தான் அது உள்ளேயே வந்தது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு சோதனை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை அண்ணாச்சிக்கு நினைவூட்டினேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை மீறியது. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பல இடங்களில் தகவல் தொடர்பு அறுந்தது. பெட்டியே தண்ணீரில் மூழ்கினால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒரு ஃபைபர் அறுந்து இன்னொன்று மிஞ்சியிருந்தால், சில நொடிகளுக்குள் போக்குவரத்தை அதன் பக்கம் திருப்ப வேண்டியது இந்த நிரலின் கடமை. வருஷம் முழுவதும் சும்மா கிடந்து, அந்த ஒரு நாளில் பிழையில்லாமல் ஓட வேண்டிய வரிகள் அவை. அதனால்தான் ஒவ்வொரு திருத்தமும் உள்ளே சேரும் முன், கணினிக்குள்ளேயே உருவாக்கிய போலிச் சுவிட்ச்சுகளில் தானியங்கிச் சோதனைகள் ஓடுகின்றன. கேபிளை அறுத்துப் பார்ப்பார்கள், பக்கத்துப் பெட்டியை விழவைத்துப் பார்ப்பார்கள். சோதனைகளும் பழசாகும், அவற்றையும் யாராவது பேண வேண்டும்.

கடைசியாக, புதுப் பதிப்பைப் பெட்டியில் ஏற்றுவது. ஓடுகிற சுவிட்ச்சை நிறுத்தினால் அதன் வழியே போகும் எல்லாம் நிற்கும். சோனிக்கில் வார்ம் ரீபூட் என்று ஒரு முறை உண்டு. சிப் தன் பட்டியலை வைத்துக்கொண்டு பாக்கெட்டுகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; அதற்கிடையில் மேலே உள்ள மென்பொருள் முழுவதும் மாறிவிடும். ஒரு நொடிக்கு மேல் தடங்கல் கூடாது என்பது இலக்கு. பழைய பதிப்பையும் பெட்டியிலேயே விட்டுவைப்பார்கள். புதியது சரிப்படாவிட்டால் திரும்பிப் போகலாம்.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சோனிக் திறந்தது. ஆனால் சிப்போடு நேரடியாகப் பேசும் கடைசி அடுக்கைப் பெரும்பாலும் சிப் கம்பெனிகள் மூடியே கொடுக்கின்றன. 2023 தொடக்கத்தில் இன்டெல் தன் டோஃபினோ சுவிட்ச் சிப்புகளின் வளர்ச்சியை நிறுத்தியபோது, மேலே இருக்கும் நிரல் எவ்வளவு திறந்திருந்தும் அந்தச் சிப்புகளுக்குப் புது வாரிசு வரவில்லை. விடுதலை பாதி தூரம் வந்திருக்கிறது. மீதி தூரம் இருக்கிறது.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன? டான்ஃபினெட் நிறுவனம் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பில் இருக்கிறது. ஃபைபர் முடிகிற இடமெல்லாம் ஒரு பெட்டி இருக்கும். பொதுப் பணத்தில் வாங்கும் பெட்டிகள் அவை. அவற்றின் மென்பொருளைப் பேணும் திறமை நம்மிடம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அரசு ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக், டெபியனை வைத்தே பாஸ் லினக்ஸை உருவாக்கியது. சோனிக் நிற்பதும் அதே அடித்தளத்தில்தான்.

ஆகவே டெண்டர் எழுதும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: பெட்டியின் விலையோடு, உள்ளிருக்கும் மென்பொருளுக்கு எத்தனை ஆண்டு திருத்தம் வரும், வேறு மென்பொருள் ஏற்ற முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். பேணுவதற்கு என்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள். திறந்த நிரலை வைத்து லாபம் பார்க்கும் கம்பெனிகள், அதைப் பார்த்துச் சேர்க்கும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பதைத் தர்மமாக நினைக்க வேண்டாம். அது அவர்கள் தொழிலின் செலவு.

நெல்லையிலும் தென்காசியிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் இன்னொன்று. சோனிக்கைக் கற்க விலையுயர்ந்த சுவிட்ச் தேவையில்லை. மடிக்கணினியில் ஓடும் போலிச் சுவிட்ச் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கி ஓட்டிப் பாருங்கள். புதிதாக ஒன்றைக் கட்டும் முன், ஏற்கெனவே பதிவான ஒரு பிழையை எடுத்துத் திருத்துங்கள், அல்லது இன்னொருவர் எழுதிய திருத்தத்தைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள். இந்தத் துறையில் ஆள் குறைவாக இருப்பது அந்த வேலைக்குத்தான்.