மாதக் கடைசி – 9: சத்தம் போடாத கடன்

வீட்டுச் செலவை எழுதிப் பார்ப்பது பற்றிப் போன வாரம் சொன்னேன். கடனை எழுதுவது அதைவிடச் சிரமம். செலவைச் சொல்லும்போது வராத தயக்கம், கடனைச் சொல்லும்போது தொண்டையில் வந்து நிற்கும்.

ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் அக்கா குடியிருக்கும் லைன் வீட்டு வாசற்படியில், அவள் மகனின் பழைய கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். அக்கா இன்னொரு கம்பெனியில் செக்கிங். சனிக்கிழமை சம்பளம். இரண்டு பேரும் சேர்ந்து வாரம் 5,000, மாதம் 20,000. ஆர்டர் இல்லாத வாரத்தில் அதுவும் இல்லை.

"யார் யாருக்கு எவ்வளவு தரணும்? சொல்லுக்கா, எழுதறேன்."

"குழுவுக்கு வாரம் 650" என்று ஆரம்பித்தாள். "தண்டலுக்குத் தினம் 200." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "மேல வீட்டம்மாவுக்கு 30,000. மூணு வட்டி." கொஞ்சம் யோசித்து, "ஃபிரிஜ்ஜுக்கு மாசம் 1,200. அவ்வளவுதான் கண்ணு."

எழுதி முடித்தேன். உள்ளே போய் டீ போட்டுக்கொண்டிருந்தவள் கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். "பேங்க்ல நகை இருக்குதே, அதையும் எழுதணுமா?"

60,000 ரூபாய் நகைக்கடன். பத்து மாதமாக ஒரு ரூபாய் வட்டி கட்டவில்லை. சீட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் வருடம் முடிகிறது.

அவள் சொன்ன வரிசையை அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அது வட்டியின் வரிசையும் இல்லை, தொகையின் வரிசையும் இல்லை. எந்தக் கடன் எவ்வளவு சத்தம் போடுகிறதோ, அந்த வரிசை. குழுத் தவணை குறைந்தால், கூட்டம் நடக்கும் சென்டரில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பெண்கள் எழுந்து போக முடியாது. அத்தனை பேர் பார்வையும் அக்கா மேல் விழும். தண்டல்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். மேல வீட்டம்மா தண்ணீர் பிடிக்கும்போது ஒன்றும் கேட்காமல் பார்ப்பார். வங்கியில் இருக்கும் நகை மட்டும் வாய் திறப்பதில்லை. ஏல நோட்டீஸ் வரும் நாளில்தான் அது பேசும்.

இது அக்காவின் அறியாமை இல்லை. மானத்துக்கு அஞ்சுகிற எந்த வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. வட்டி எங்கே அதிகம் என்று பார்க்காமல், அவமானம் எங்கே அதிகம் என்று பார்த்துப் பணம் கட்டுகிறோம். மாதா மாதம் கட்டியும் கடன் குறையாமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

மறுநாள் எல்லாக் கடனையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம்: நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் வட்டி? நகைக்கடன் ரூபாய் வட்டிக்குள் அடங்கியது. குழுக் கடனுக்கு ஆண்டுக்கு 24 சதவீதம், அதாவது இரண்டு வட்டி. (பெயர்தான் குழு, கொடுத்திருப்பது ஒரு நுண்கடன் நிறுவனம்.) மேல வீட்டுக்கு மூன்று. ஃபிரிஜ் தவணை இன்னும் நாலு மாதத்தில் தானே முடியும், விட்டுவிட்டோம்.

தண்டல்? "20,000-க்கு 3,000 பிடிச்சுக்கிட்டு 17,000 குடுத்தாங்க. தினம் 200, நூறு நாள். 3,000 தானே?" என்றாள்.

3,000 தான். ஆனால் அந்த 17,000 நூறு நாளும் அவள் கையில் இல்லையே! முதல் நாளே 200 திரும்பிப் போகிறது. ஐம்பதாம் நாளில் பாதி போயிருக்கும். சராசரியாகப் பார்த்தால் அவள் நூறு நாள் வைத்திருந்தது ஏறக்குறைய 9,000 ரூபாய். அதற்கு 3,000 வட்டி. மாதக் கணக்கில் பத்து வட்டி, ஆண்டுக் கணக்கில் 120 சதவீதம்.

இதைவிடக் கொடுமை, எழுபதாம் நாள் வாக்கில் வரும் அந்தக் கனிவான பேச்சு: "பாக்கியக் கழிச்சுட்டுப் புதுசா எழுதிக்கலாமுங்க்கா." புதிய 20,000-த்தில் 3,000 வட்டியும் பாக்கி 6,000-மும் போக 11,000 கைக்கு வரும். அந்த 6,000-த்துக்கான வட்டியைத்தான் முதல் நாளே பிடித்துக்கொண்டார்களே. அதே பாக்கியைப் புதுக் கடனில் சேர்த்து மறுபடியும் வட்டி பிடிக்கிறார்கள். அக்கா இப்படி மூன்று முறை எழுதியிருந்தாள்.

தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிற சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது; மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அது வந்து 14 ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பமே உயிரைவிட்டதை நாம் பார்த்தோம். மிரட்டல் வந்தால் புகார் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டத்தை மட்டும் நம்பி ஒரு வீட்டின் கணக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை.

ரிசர்வ் வங்கியின் விதியும் அப்படியே. 2022 ஏப்ரல் முதல், ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு நுண்கடன் கொடுக்கும்போது, அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அக்காவின் பாதி 10,000. அவள் கட்டிக்கொண்டிருந்தது 10,700, அதுவும் நகை வட்டியைச் சேர்க்காமல். தண்டல் அட்டையும் மேல வீட்டுக் கடனும் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியாதே! வாடகை 4,500 போக மிஞ்சியது 4,800. ரேஷன் அரிசி இருந்ததால் நாலு வயிறு நிறைந்தது.

முதலில் மேல வீட்டுக் கடன். 26 மாதமாக மாதம் 900 வீதம் 23,400 கட்டியாயிற்று. அசல் 30,000 அசையவில்லை. "கழுத்துச் சங்கிலியை பேங்க்ல வெச்சு இதைத் தீர்த்துரலாம்" என்றேன். அக்கா முகம் வாடிவிட்டது. வெறுங்கழுத்தோடு விசேஷ வீட்டுக்குப் போவது எப்படி என்று அவள் கேட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று வட்டிக்கும் ரூபாய் வட்டிக்கும் வித்தியாசம் 30,000-த்துக்கு மாதம் 600 ரூபாய். சங்கிலி கழுத்தில் கிடப்பதற்காக அவள் மாதா மாதம் கொடுத்த தொகை அது. மாமாதான் கடைசியில் சொன்னார்: "கழட்டிக் குடு. நான் மீட்டுத் தர்றேன்."

ஆக, வங்கியில் மொத்தம் 90,000 ஆனது. மாத வட்டி 900-க்குள். அவள் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் அரசின் மகளிர் உரிமைத் தொகை விழுந்துவந்தது. அதுவரை செலவோடு செலவாகக் கரைந்துகொண்டிருந்தது. அதை நகை வட்டிக்கென்றே ஒதுக்கினோம். மேல வீட்டுக்குப் போன 900, இனிமேல் சங்கிலியின் அசலுக்கு.

தண்டலில் இன்னும் நாற்பது நாள் பாக்கி இருந்தது. நூறாவது நாள் அவர் அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "மறுபடி எழுதிரலாமுங்களா?" என்று கேட்டாராம். அக்கா வேண்டாம் என்று தலையாட்டியிருக்கிறாள். மறுநாள் அதே ஏழு மணிக்கு, பக்கத்து லைனில் அவர் வண்டிச் சத்தம் கேட்டபோது, 200 ரூபாயை எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாள். இருபது நாளில் 4,000. இரண்டு மாத உரிமைத் தொகை 2,000. நகையைத் திருப்பி வைக்க வேண்டிய வட்டி 7,200. குறைந்த 1,200-ஐத் தைப் பொங்கல் சீரோடு நான் வைத்தேன். அது கடன் இல்லை என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தை தாண்டியதும் 200-ஐ 120 ஆக்கச் சொன்னேன். மாமாவுக்கு அதில் உடன்பாடில்லை; முழுசையும் கடனுக்கே கட்டிவிடலாம் என்றார். ஆனால் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் கையில் காசில்லாமல் மறுபடி தண்டல்காரரைத் தேட வேண்டிவரும். பாட்டிலில் 10,000 சேரும்வரை அதைத் தொடக் கூடாது. மிஞ்சிய 80 ரூபாய், தட்டில் வாரம் இரண்டு முறை முட்டையாக வந்தது. 10,000-க்கு மேல் சேர்வது குழுக் கடனுக்கு. நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பதும் அந்த 2022 விதிதான். சென்டருக்குப் போகும்போது இதைச் சொல்லிக் கேட்கலாம்.

போன மாதம் போயிருந்தேன். சங்கிலிக் கடனில் 24,600 பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ்.

"கண்ணு, புதுப் பக்கம் எடு" என்றாள்.

(தொடரும்)