தன்தகவமை மென்பொருளும் ஆற்றல் சேமிப்பும்

தன்தகவமை மென்பொருள் என்பது தன்னையும் சூழலையும் கண்காணித்து, இயங்கும்போதே தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் மென்பொருள் ஆகும். கண்காணித்தல், பகுத்தாய்தல், திட்டமிடல், செயற்படுத்தல் என்ற இதன் சுழற்சியை ஐபிஎம் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி கெஃபார்ட், டேவிட் செஸ் ஆகியோர் 2003 இல் விளக்கினர்.

பலர் அறியாமலே பயன்படுத்திய எடுத்துக்காட்டு, 2004 இல் லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்ட 'ஆன்டிமாண்ட்' நிரல். இது செயலியின் பளுவை நொடிக்குப் பலமுறை அளக்கும். பளு மிகுந்தால் அதிர்வெண்ணை உச்சத்துக்கு ஏற்றும், குறைந்தால் இறக்கும். அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால் வேலை இருமடங்கு நேரம் பிடிக்கும், ஆற்றல் மிச்சமாகாது. உண்மையான சேமிப்பு, உடன் குறையும் மின்னழுத்தத்தில்தான் உள்ளது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகும். எனவே அழுத்தம் 20% குறைந்தால் ஆற்றல் 36% குறையும். கசிவு மின்னோட்டம் இக்கணக்கில் சேராது. அது மிகுந்த செயலிகளில் வேலையை விரைந்து முடித்து உறங்குவதே சிக்கனமாகலாம்.

2012 இல் சென்னையிலேயே நாளுக்கு 2 மணிநேர மின்வெட்டு இருந்தது. தாம்பரம் போன்ற புறநகர்களில் மின்சாரம் திரும்பும்வரை மடிக்கணினியின் மின்கலம் தாங்குமா என்பதை இத்தகைய நிரல்களும் தீர்மானித்தன.

தாம்பரத்துக்குத் தென்கிழக்கே சிறுசேரி சிப்காட் பூங்காவில் தரவு மையங்கள் உள்ளன. இத்தகைய மையங்களில் குளிரூட்டலுக்கும் மிகுந்த மின்சாரம் தேவை. கூகிள் தன் தரவு மையங்களில் குளிரூட்டல் ஆற்றலை இயந்திரக் கற்றல் மூலம் 40% வரை குறைத்ததாக 2016 இல் அறிவித்தது. ஈரப்பதம் மிகுந்த சென்னைக் கடலோரத்துக்கு அவ்வெண்ணை அப்படியே பொருத்துதல் தகாது. 2018 இல் அம்மென்பொருளே குளிரூட்டலை நேரடியாக இயக்கத் தொடங்கியபோதும், இயக்குநர் எவ்வேளையிலும் அதனை நிறுத்தும் வசதி வைக்கப்பட்டது.