செவி கொடுப்பதும் ஓர் அறமே!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவைக்கு ஒருநாள் இளைஞர் ஒருவர் வந்தார். மார்க்கம் விலக்கிய செயல் ஒன்றுக்குத் தமக்கு அனுமதி தருமாறு வேண்டினார். சூழ இருந்தோர் சினந்து அவரை அதட்டினர். அண்ணலாரோ அவரை அருகழைத்து அமரச் செய்தார்கள், நிதானமாக வினவினார்கள், அவர் உரைத்த விடைகளைச் செவிமடுத்தார்கள், பின்னர் அவர்மீது தம் கரத்தை வைத்து, அவருக்காக இறைவனிடம் இறைஞ்சினார்கள். இளைஞர் மனம் தெளிந்து சென்றார். அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி முஸ்னத் அஹ்மதில் இடம் பெற்றுள்ளது.

அன்பர்களே! அருகழைத்தல், அமரச் செய்தல், செவிமடுத்தல் ஆகிய இம்மூன்றும் உரிய வேளையில் கிட்டாமல் எத்தனையோ இளம் உயிர்கள் உதிர்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர்.

தன்னுயிர் மாய்ப்பது ஹராம் என்று நாம் மேடைதோறும் உரைக்கிறோம். அது சத்தியமே. ஆயினும், துயரத்தின் உச்சியில் தவிக்கும் பிள்ளைக்கு அந்நேரம் வேண்டுவது தீர்ப்பன்று; துணையே. அக்கொடிய வேளை பெரும்பாலும் நெடிது நிற்பதில்லை. அதைக் கடக்க ஒருவர் உடனிருந்தால் வாழ்வு மீளும். நாட்டின் சட்டமும் இதனை உணர்ந்தது. உயிர் மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதி, தண்டியாது பராமரிக்க வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நோக்கமாகும்.

வளர்ந்து வரும் சேவைகள்

1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், மனமுடைந்தோரின் குரலைத் தொலைபேசியில் கேட்கும் பணியைத் தொடங்கினார். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘ஸ்நேகா’ அமைப்பை நிறுவினார். இடருறும் சிறார்க்கான 1098 சேவை 1996இல் மும்பையில் உதயமாயிற்று. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு ‘டெலி மானஸ்’ சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மலைமேல் வாழும் பிள்ளைகள்

இத்துணை இருந்தும், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் போன்ற இடங்களை எண்ணிப் பாருங்கள். பழங்குடிப் பிள்ளைகள் பலர் பெற்றோரைப் பிரிந்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயில்கின்றனர். குடும்பத்தின் முதல் தலைமுறையாக எழுத்தறிந்தவரும் அவருள் உண்டு. பெற்றோரோ கூலி வேலை தேடி வெளியூர் செல்கின்றனர். தேர்வில் தவறிய நாளில் இப்பிள்ளை யாரிடம் மனம் திறக்கும்? சுவரில் எழுதிய எண் மட்டும் போதுமா? அலைபேசியும் இணைப்பும் இல்லாத பிள்ளைக்கு அருகிலிருக்கும் மனிதரே துணை.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அதற்குக் குறைந்தவை வெளியிலுள்ள வல்லுநரோடு தொடர்பு வைத்தல் வேண்டும். ஆசிரியருக்கும் பணியாளருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தரவேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. இந்நெறி நகரத்துக் கல்லூரிகளோடு நின்றுவிடாது மலையேற வேண்டும். அவர்கள் நம் சமயத்தவரா என்று வினவுதல் தகாது. அண்டை அயலாரின் உரிமை அனைவருக்கும் பொதுவானதே.

நாம் செய்ய வேண்டியவையும் உள. பிள்ளை ஒதுங்கினால், உண்ண மறுத்தால், வாழ்வு சலித்தது போலப் பேசினால் அலட்சியம் செய்யாதீர். “உயிரை விடும் எண்ணம் வருகிறதா?” என்று கனிவோடு கேளுங்கள், கேட்பதால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது என்பதே வல்லுநர் கருத்து. ஏசாதீர், பிறர் பிள்ளையோடு ஒப்பிடாதீர், தனியே விடாதீர். பூச்சிமருந்துகளைப் பூட்டி வையுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேர்வில் தவறினோர்க்கு அவ்வாண்டிலேயே துணைத் தேர்வு உண்டென எடுத்துரையுங்கள். ஜமாஅத்தினர் தத்தம் பள்ளிவாசலில் இருவருக்கேனும் இப்பயிற்சி அளிக்க முன்வரலாம்.

ஓர் உயிரைக் காப்பவர் மனித குலத்தையே காத்தவர் போன்றவர் என்பது திருமறையின் போதனை. அதட்டும் கூட்டத்தில் ஒருவராக நில்லாது, அருகழைத்து அமரச் செய்வோராக நாம் விளங்க வல்ல இறைவன் அருள் புரிவானாக! ஆமீன்.