நைட் ஷிஃப்ட் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிட்டார் ஆம்ப்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எலெக்ட்ரிக் கிட்டார் பழகுபவருக்கு, வாசிக்க நேரம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிஃப்டில் ஓடுகிற ஊர் இது. இரவு முழுக்க உழைத்தவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் காலை பத்து மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் எதிர்வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும். ஆகவே, சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் நாதம் கெடாமல் ஒலிக்குமா என்பதுதான் இங்கே ஆம்ப் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலுக்குத் தனக்கென்று பெரிய ஒலி கிடையாது. தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பில் காந்தமும் கம்பிச் சுருளும் உண்டு. தந்தி அதிர்ந்தால் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். அதைப் பெரிதாக்கி ஒலியாக்குவது ஆம்ப்தான். எனவே ஆம்பையும் வாத்தியத்தின் பாதியாகவே எண்ண வேண்டும்.

ஆம்பிடம் அது தாங்குமளவுக்குள் வேலை வாங்கினால் கிடைப்பது கிளீன் டோன்: தந்தியின் அலை, வடிவம் சிதையாமல் பெரிதாகிறது. அளவு மீறினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் புதிய மேல்சுரங்கள் முளைக்கும். அந்தக் கரகரப்பு ராக் இசைக்கு அழகு. ஆனால் இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் ஒவ்வொரு தந்தியாகப் பிரிந்து வரும் கிட்டாரை வாசிக்க விரும்புகிறவருக்கு அது உதவாது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டிய பிரசன்னாவின் வழியில் போக நினைப்பவருக்கும் கிளீன் டோன்தான் அடிப்படை. விரல் அழுத்தத்தின் நுணுக்கமான ஏற்ற இறக்கமெல்லாம் அதில்தான் அப்படியே காதுக்கு வரும்.

அடுத்து வாட் கணக்கு. ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பரவலாகப் புழங்கும் 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி 98 டெசிபல் வரை ஒலிக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். வீட்டில் நிம்மதியாக வாசிக்க 75 டெசிபல் தாராளம். அதற்கு ஒரு வாட்டில் இருநூறில் ஒரு பங்கு போதும்! ஆனால் தந்தியைச் சுண்டும் அந்தக் கணத்தில் ஒலி சராசரியைவிட 20 டெசிபல்கூட எகிறும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு சக்தி. அந்த எகிறலுக்கு அரை வாட் வேண்டும். இந்தக் கையிருப்பு இருந்தால்தான் கிளீன் டோன் கிளீனாகவே நிற்கும். ஸ்பீக்கர் சிறியதாகி அதன் திறன் 10 டெசிபல் குறைந்தால், அதே ஒலிக்குப் பத்து மடங்கு வாட் தேவை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் வீட்டுக்கு 10 முதல் 30 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் போதும், மிச்சமும் இருக்கும்.

கிளீன் டோனுக்குப் பெயர்போன பெரிய ஆம்புகள் இரண்டு. 1963-ல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், 85 வாட் ட்யூப் ஆம்ப். 1975-ல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ் ஜேசி-120, டிரான்சிஸ்டரில் ஓடுவது. இரண்டிலும் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. மேடையில் இவை அற்புதம். குவார்ட்டர்ஸ் அறையில் ட்வினின் வால்யூம் குமிழ் '1' என்ற எண்ணைத் தொடுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். இதற்கு எதிர்முனையில் ஃபெண்டர் சாம்ப், ஒற்றை பவர் ட்யூபில் சுமார் 5 வாட். தனியாக மெல்ல வாசிக்கும்வரை அதுவும் தெளிவாகத்தான் இருக்கும். நண்பர் தபேலாவோடு வந்து உட்கார்ந்தால் கரகரக்கத் தொடங்கிவிடும்.

என் தேர்வைக் கேட்டால், ஜாஸ் கோரஸின் குட்டித் தம்பியான ஜேசி-22 என்பேன். 30 வாட், ஆறரை அங்குல ஸ்பீக்கர் இரண்டு. மேசைமேல் வைக்கும் யமஹா டிஎச்ஆர்10 வகையும் நல்லது. 8 செ.மீ. ஸ்பீக்கர்தான் என்றாலும், தாழ்ந்த ஒலியில் முழுமையாகக் கேட்க வேண்டும் என்றே வடிவமைத்தது. இது சாதாரண விஷயமில்லை. ஒலி குறையக் குறைய நம் காது மந்தர ஒலிகளை முதலில் இழந்துவிடும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். பெரிய ஆம்பை முணுமுணுப்பாக வைத்தால் சப்பென்று கேட்பது அதனால்தான்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ மாமாவோ வாங்கி வருவதாகச் சொன்னால், பின்பக்கம் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது.

கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். ரிவெர்ப் முதலிய அலங்காரங்களை எல்லாம் அணைத்துவிட்டு, பேசினால் பேச்சு கேட்கிற அளவுக்கு வால்யூமை வையுங்கள். ஆறு தந்தியையும் சேர்த்து ஒரு கார்டு மீட்டினால் ஆறும் தனித்தனியே காதில் விழ வேண்டும். பிறகு வால்யூமைத் தொடாமல் பலமாக அடியுங்கள். ஒலி பெருகலாம், பிசிறக் கூடாது. கடைசியாக, வாசிக்காமல் வால்யூமை ஏற்றி வெறும் இரைச்சலைக் கேளுங்கள். ஹெட்போன் துளையையும் சோதித்துவிடுங்கள், நம் ஊருக்கு அது அவசியம்.

கடையில் அமைதியாக இருந்த ஆம்ப், வீட்டில் செருகியதும் 'ம்ம்ம்' என்று முனகுவதுண்டு. அந்த முனகலின் பிறப்பிடம் நெய்வேலிக்காரருக்குப் பழக்கமான இடம்தான். அனல்மின் நிலைய டர்பைன் நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கிறது, அதாவது நொடிக்கு 50. நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அதே 50 ஹெர்ட்ஸ். 1962-ல் சோவியத் ஒத்துழைப்போடு உற்பத்தி தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வுபெற்றது; இப்போதைய 210, 500 மெகாவாட் இயந்திரங்களும் அதே 50-க்குத்தான் கட்டுப்பட்டவை. ஆம்புக்குள் இந்த மின்சாரம் ஒருதிசையாக மாறும்போது அலையின் இரு பாதிகளும் ஒரே பக்கம் திரும்ப, எஞ்சும் துடிப்பு 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். கிட்டாரின் ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். முனகல் பலமாக இருக்கும்போது அந்த ஜியை வாசித்தால், இரண்டும் மோதி நொடிக்கு இரண்டு முறை அலையடிப்பதைக் கேட்கலாம்.

முனகல் பிக்கப் வழியாகவும் வரும்: ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றிலுமுள்ள மின்காந்தப் புலத்தையும் சேர்த்து இழுக்கும். நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தாலே பாதி குறையும். இரட்டைச் சுருளான ஹம்பக்கரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. முனகல் நிற்கட்டும் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் எடுத்துவிடாதீர்கள்; கிட்டார் தந்திகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன, தந்தியைத் தொடுவது உங்கள் கை.

முனகலாக இல்லாமல் 'ஜ்ர்ர்' என்று கூர்மையாகக் கீறினால் மேலே பாருங்கள். சீலிங் ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சார அலையை நறுக்கி நறுக்கி அனுப்புவதால் வரும் சத்தம் அது. ஃபேனை ஒருமுறை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சத்தம் நின்றால் ஆம்பைச் சந்தேகிக்காமல், எலெக்ட்ரிக்கல் கடையில் கெபாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் கேட்டு வாங்கி மாட்டுங்கள்.