4,500 ரூபாய் வாடகை வீடு ஏன் 5,500 ரூபாய் வீட்டைவிட விலை அதிகம்?

போன வருஷம் அம்மாவோடு கோவில்பட்டிக்குக் குடிபோக முடிவு செய்தபோது, வீடு பார்ப்பது ஒரு வார வேலை என்று நினைத்தேன். சித்தி அங்கேதான் இருக்கிறார், எனக்கு வேலை லேப்டாப்பில்தான். சென்னையில் பதினெட்டாயிரம் வாடகை கொடுத்தவனுக்குச் சின்ன ஊரில் ஆறாயிரத்துக்கு வீடு கிடைக்காமலா போகும்? ஏழு வாரம் ஆச்சு. அந்த ஏழு வாரத்தில் நோட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். சின்ன ஊருக்குக் குடிபோக நினைக்கிறவர்களுக்குப் பயன்படலாம்.

வீடு எங்கே இருக்கிறது?

இணையத்தில் இல்லை. வாடகை வீடு காட்டும் தளங்களில் இந்த ஊருக்கு நான் பார்த்தது மொத்தம் ஒன்பது வீடு. அதில் நாலு எப்போதோ ஆள் வந்துவிட்ட வீடுகள். உண்மையான பட்டியல் மளிகைக் கடைக்காரர், பால்காரர், இஸ்திரி போடுகிற அண்ணன் ஆகியோரின் தலைக்குள் இருக்கிறது. எந்த வீட்டில் யார் மாற்றலாகிப் போகிறார்கள் என்பது, கேட்டில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்குவதற்கு ஒரு மாசம் முன்னாடியே அவர்களுக்குத் தெரியும். புரோக்கரிடம் போனால் ஒரு மாத வாடகை கமிஷன். இஸ்திரிக்கார அண்ணனுக்கு நான் கொடுத்தது ஒரு டீயும் வடையும்தான்.

காலமும் முக்கியம். பள்ளிக்கூடம் முடிகிற ஏப்ரல், மே மாதங்களில் நிறைய வீடு காலியாகும், போட்டியும் அதே அளவு இருக்கும். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். அதனால் ஆனியில் காலியான வீடு ஒரு மாசம் சும்மா கிடக்கும், பேரம் பேச இடம் கிடைக்கும்.

ஒரு வீடு, நாலு விலை

கடைசியாக இரண்டு வீடுகள் மிஞ்சின. முதல் வீடு 5,500 வாடகை, 50,000 அட்வான்ஸ். இரண்டாவது வீடு 4,500 வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ். மாசம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று இரண்டாவதற்குத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டதும் கதை மாறியது.

முதலில் கரண்ட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, அதில் 100 யூனிட் இலவசம். அந்த இலவசம் இணைப்புக்குத்தான், குடியிருக்கும் ஆளுக்கு இல்லை. முதல் வீட்டுக்குத் தனி இணைப்பு. நாங்கள் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிப்போம், பில் 250 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டாவது வீட்டில் மூன்று குடித்தனத்துக்கும் ஒரே இணைப்பு. உள்ளே குட்டி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றார் ஓனர். 200 யூனிட்டுக்கு 1,800, அதாவது மாசம் 900.

இரண்டாவது தண்ணீர். கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது. கரிசல் ஊர், ஆறு கிடையாது, நிலத்தடி நீரைக் குடிக்க முடியாத இடங்கள் நிறைய. குழாய்த் தண்ணீர் தினமும் வராது. ஆகவே "தண்ணி வசதி இருக்கா?" என்று கேட்டால் எல்லா ஓனரும் இருக்கு என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது வேறு: நகராட்சி இணைப்பு இந்த வீட்டுக்குத் தனியா, பொதுவா? கீழே தொட்டி எத்தனை லிட்டர்? முதல் வீட்டில் தனி இணைப்பும் தொட்டியும் இருந்தன. இரண்டாவதில் போர் தண்ணீர் மட்டும். 35 ரூபாய் கேன் மாசம் பன்னிரண்டு வாங்கினால் 420.

மூன்றாவது அட்வான்ஸ். திரும்பி வரும் பணம்தானே என்று இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் வங்கியில் கிடந்தால் அது வட்டி தரும். 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு மாசம் 583, ஐம்பதாயிரத்துக்கு 292.

கூட்டிப் பாருங்கள். முதல் வீடு: 5,500 + 125 + 292 = 5,917. இரண்டாவது வீடு: 4,500 + 900 + 420 + 583 = 6,403. விலை குறைவு என்று நினைத்த வீடுதான் மாசம் 486 ரூபாய் அதிகம்.

ஒத்தி என்ற ஆசை

தென் மாவட்டங்களில் வீடு தேடினால் ஒத்தி என்ற சொல் கட்டாயம் காதில் விழும். சில ஊர்களில் போக்கியம், சென்னையில் லீஸ் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகையே இல்லாமல் இரண்டு மூன்று வருஷம் இருக்கலாம். காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பும்.

எங்களுக்கும் ஒரு வீடு நாலு லட்சத்துக்கு வந்தது. 7 சதவீதத்தில் அந்தப் பணத்தின் வட்டி மாசம் 2,333. வாடகையில் பாதிகூட இல்லை! அப்புறம் ஏன் எல்லாரும் ஒத்திக்கே போகவில்லை?

பதில் என் வீட்டிலேயே இருந்தது. நான் பன்னிரண்டாவது படிக்கும்போது அப்பா 75,000 ரூபாய்க்கு ஒத்தி வீட்டில் இருந்தார். மாற்றல் வந்தது. "நீங்க கிளம்புங்க சார், அடுத்த மாசம் பணம் வந்திரும்" என்றார் ஓனர். அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். பணம் வந்து சேர்ந்தது பதினாலு மாசம் கழித்து, நாலு தவணையில். அந்த ஓனர் மோசக்காரர் இல்லை. வாங்கிய பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டார், அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் கையில் காசு. ஒத்தியின் நடைமுறையே பெரும்பாலும் இதுதான்: உங்கள் பணத்தைத் திருப்பித் தருவது ஓனர் இல்லை, உங்களுக்குப் பின்னால் வருகிறவர். அந்த வருஷம் என் காலேஜ் ஃபீஸுக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

சட்டத்தில் இதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி இந்த வகை அடமானத்தில் பணம் திரும்பும்வரை வீட்டைக் கையில் வைத்திருக்கலாம். ஆனால் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றால் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். நான் பார்த்தவரை எல்லாரும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதிவு என்றதும் நாலு லட்சம் கேட்டவர் பின்வாங்கினார், நாங்களும் விட்டுவிட்டோம். ஒத்திக்குப் போவதென்றால் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் வில்லங்கச் சான்று எடுத்து, அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே பதிவான கடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைக்கும் சட்டம் உண்டு. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று அதில் ஒரு வாசகம் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் அந்த வாசகத்தின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இருந்தாலும் மூன்று மாதம் என்ற எண்ணைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் பலன் உண்டு.

கணக்கில் எழுத முடியாதது

என்னைவிட அதிகம் சம்பாதிக்கும் நண்பர் ஒருவரும் அதே சமயம் இங்கே வீடு பார்த்தார். "சொந்த ஊர் எது? நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும், "நேத்தே ஒருத்தர் பேசிட்டுப் போயிட்டார்" என்பார்கள். அட்டை மட்டும் அடுத்த வாரமும் தொங்கும். பதினொரு வீடு ஏறி இறங்கிவிட்டு, ஊருக்கு வெளியே என் வாடகையைவிட 1,500 கூடக் கொடுத்துப் போனார். என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். என் பதிலுக்குக் கதவு திறந்தது. ஆக, மேலே நான் போட்ட கணக்கு கதவு திறந்தவனின் கணக்கு. ஒரே ஊரில், ஒரே மாதத்தில், கட்டுப்படியாகும் வீடுகளின் எண்ணிக்கை எனக்கும் அவருக்கும் ஒன்றாக இல்லை.

எடுத்த வீடு

முதல் வீட்டையே எடுத்தோம். ஆடி என்பதால் அட்வான்ஸ் நாற்பதாயிரத்துக்கு இறங்கியது. கையெழுத்துப் போடும் நாளில் நான் கரண்ட், தண்ணீர், பெயிண்ட் செலவு என்று பட்டியலோடு போயிருந்தேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நாங்க காலி பண்ணும்போது பணத்தை எப்பத் தருவீங்க?"

ஓனர் கொஞ்சம் யோசித்தார். "சாவி குடுக்கிற அன்னைக்கே" என்றார்.

"அப்ப அதையும் எழுதிருங்க."

எழுதினோம். ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சிக் குடிபோனோம். ஒப்பந்தத்தில் கடைசி வரி அதுதான்: சாவியும் பணமும் ஒரே நாளில் கைமாற வேண்டும்.